1976 கோடை: ஆட்டம் இல்லாத நாட்களை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "இங்கிலாந்தில் அறுபது வயதைத் தாண்டிய கால்பந்து ரசிகர் யாரிடம் பேசினாலும் பேச்சு 1976 கோடையில் வந்து நிற்கிறது. அப்படி என்ன வெயில் அது? அதற்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம்? இல்லை, இளமை என்பதால் எல்லாம் இனிப்பாகத் தெரிகிறதா?"

நான் 1990-களில் வேலைக்காகச் சவுத்தாம்ப்டன் வந்தவன். வந்த முதல் வருடத்திலிருந்தே இந்த ஊர் அணியின் ஆட்டங்களுக்குப் போகிறேன். முதலில் பழைய டெல் மைதானம், 2001-க்குப் பிறகு செயின்ட் மேரிஸ். 1976-இல் நான் இங்கே இல்லை. ஆனால் அந்தக் கோடையைப் பற்றி ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. கேட்டதோடு விடாமல் ஆட்டத் தேதிகளையும் வெயில் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அந்த வெயில் கிட்டத்தட்ட அளந்து வைத்தாற்போல இரண்டு சீசன்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பார்க்க ஆட்டமே இல்லாத மாதங்கள் அவை. பார்க்க ஒன்றும் இல்லாததால் பையன்கள் தாங்களே ஆடினார்கள், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை. அவர்கள் மறக்காமல் வைத்திருப்பது அதைத்தான்.

முதலில் வெயிலை முடித்துவிடுகிறேன். ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை, தொடர்ந்து 15 நாட்கள், இங்கிலாந்தின் ஏதாவது ஒரு பகுதியில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அவற்றில் ஐந்து நாட்கள் 35-ஐயும் தாண்டின. உச்சம் ஜூலை 3, செல்ட்டனமில் 35.9. அதற்கு முன் ஜூன் 28 அன்று எங்கள் ஊர் துறைமுகத்தை ஒட்டிய மேஃப்ளவர் பூங்காவில் 35.6. நமக்கு இந்த எண்கள் பெரிதாகத் தெரியாது. ஆனால் இங்கே வீடுகள் குளிரை வெளியே நிறுத்தவும் சூட்டை உள்ளே பிடித்து வைக்கவும் கட்டப்பட்டவை. மின்விசிறி வைத்திருந்த வீடே அபூர்வம். சாலையில் தார் இளகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டது என்று எல்லோரும் சொல்வார்கள்.

சூட்டைவிடப் பெரிய சங்கதி வறட்சி. 1975 மே முதல் 1976 ஆகஸ்ட் வரையான 16 மாதங்கள், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மழையளவு பதிவில் அதற்கு முன் கண்டிராத அளவுக்கு வறண்டவை. இடையில் வந்த குளிர்காலமும் மழையில்லாமல் போனதால், கோடை தொடங்கும்போதே மண்ணில் ஈரம் இல்லை. ஈரமான மண்ணில் விழும் வெயிலின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். காய்ந்த மண்ணில் அந்தச் செலவு இல்லை, அத்தனையும் காற்றைச் சூடாக்கப் போகிறது. மேலே உயர் அழுத்தம் நகராமல் நின்றது, கீழே வறண்ட தரை. இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன. வெப்பநிலையை மட்டும் எடுத்துக்கொண்டால் 1976 இன்று பின்தங்கிவிட்டது. 2022 ஜூலையில் லிங்கன்ஷயரில் 40 டிகிரியைத் தாண்டியது. 2025 கோடைக்குப் பிறகு, பிரிட்டன் முழுவதற்குமான கோடைச் சராசரிப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள்ளேயே 1976 இல்லை. இதைச் சொன்னால் என் பக்கத்து இருக்கைக்காரர் முகம் வாடிப்போகும். சொல்ல மனம் வராமல் நானும் இரண்டு வருடம் சொல்லாமல் இருந்திருக்கிறேன், மற்ற சாதனைகள் ஒவ்வொன்றாக விழுந்தபோது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1976-இல் அவருக்குப் 13 வயது. நான் கீழே சொல்லப் போவதில் பாதி அவரிடமிருந்து வந்தது.

சவுத்தாம்ப்டன்காரர்களுக்கு அந்தக் கோடை மே 1, சனிக்கிழமையே தொடங்கிவிடுகிறது. வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை, அதாவது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே டாமி டாக்கர்ட்டியின் மான்செஸ்டர் யுனைடெட், அந்த சீசனில் முதல் டிவிஷனில் மூன்றாவதாக வந்த அணி. எங்களுடையது இரண்டாம் டிவிஷன் அணி. லாரி மெக்மெனமி பயிற்சியாளர், மிக் சானன், பீட்டர் ஆஸ்குட் எல்லாம் இருந்தும் ஜெயிப்போம் என்று வெளியூரில் யாரும் நினைக்கவில்லை. 83-ஆவது நிமிடம். ஜிம் மெக்காலியாக் தற்காப்பு வரிசையைத் தாண்டிப் போட்ட பந்தைப் பாபி ஸ்டோக்ஸ் ஓடிப் பிடித்து, இடது காலால் தரையோடு தரையாக அடித்தார். யுனைடெட் கோல்கீப்பர் அலெக்ஸ் ஸ்டெப்னி பாய்ந்தார், எட்டவில்லை. 1–0. மஞ்சள் சட்டையும் நீல டிரவுசரும் போட்ட பதினொரு பேர் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். இந்தக் கிளப் இதுவரை வென்ற ஒரே பெரிய கோப்பை அது. ஸ்டோக்ஸ் பிறந்தது போர்ட்ஸ்மத்தில், அதாவது எங்கள் பரம எதிரியின் ஊரில். 1995-இல், 44 வயதிலேயே காலமாகிவிட்டார். இன்றும் அவர் பெயரைச் சொல்லும்போது இங்கே பெரியவர்கள் ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்கள்.

இங்கேதான் நினைவு தன் வேலையைக் காட்டுகிறது. கோப்பை ஊர்வலத்தைப் பற்றிப் பேசும்போது, "ரோட்டில் தார் உருகியது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது" என்பார் அவர். ஊர்வலம் மே மாதத் தொடக்கத்தில். தார் உருக்கிய வெயில் அதற்கு ஏழு வாரம் கழித்து வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. இரண்டுமே அவர் கண்ணால் பார்த்தவை. வாழ்க்கையின் ஆகப் பெரிய மகிழ்ச்சியும் ஆகப் பெரிய வெயிலும் ஒரே வருடத்தில் வந்தபோது, மனம் இரண்டையும் ஒரே நாளில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

மற்ற ஊர்க்காரர்களிடம் கேட்டால் கோடை வேறு இடத்தில் தொடங்கும். க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ரசிகர்களுக்கு அது ஆறாத காயம். டேவ் செக்ஸ்டனின் பயிற்சியில், ஸ்டான் போல்ஸ், ஜெர்ரி ஃபிரான்சிஸ் ஆடிய அந்த அணி தன் எல்லா லீக் ஆட்டங்களையும் முடித்துவிட்டு, 59 புள்ளியோடு முதலிடத்தில் உட்கார்ந்து பத்து நாள் காத்திருந்தது. லிவர்பூலுக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. மே 4, வுல்வ்ஸ் மைதானத்தில். வுல்வ்ஸ் முதல் கோல் போட்டது. ஆட்டம் முடிய கால் மணி நேரம்வரை லிவர்பூல் பின்தங்கியே இருந்தது. அப்புறம் கீகன், டோஷாக், ரே கென்னடி என்று மூன்று கோல். லிவர்பூலுக்கு 60 புள்ளி, பட்டம் போயிற்று. வுல்வ்ஸும் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு ரேஞ்சர்ஸ் பட்டத்துக்கு அவ்வளவு அருகில் போனதே இல்லை. அந்தப் பையன்கள் ஜூன், ஜூலை முழுக்க வெயிலில் ஆடும்போது அந்த ஒரு புள்ளியைத்தான் ஆடியிருப்பார்கள்.

வேல்ஸ்காரர்களுக்கு மே 22. கார்டிஃபின் நினியன் பூங்காவில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. 1–1, டெரி யோரத் பெனால்ட்டியைத் தவறவிட்டார், வெளியேறினார்கள். இங்கிலாந்து அதற்கும் முன்பே தகுதிச் சுற்றில் வீழ்ந்திருந்தது. அந்தத் தொடரின் இறுதி ஆட்டம் ஜூன் 20, ஞாயிறு, பெல்கிரேடில். பனென்கா பெனால்ட்டியை மெதுவாகத் தூக்கிப் போட்டு, செக்கோஸ்லோவாக்கியா மேற்கு ஜெர்மனியை வீழ்த்தியது. மூன்று நாள் கழித்து, புதன்கிழமை, இங்கிலாந்தில் அந்தப் பதினைந்து நாள் வெயில் ஆரம்பித்தது. கடைசி ஆட்டம் முடிந்ததும் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

இனி அந்தப் பையன்களின் ஆட்டத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் பிடித்த பகுதியும் இதுதான்.

சவுத்தாம்ப்டன் நகரத்தின் நடுவே 'காமன்' என்று ஒரு பெரிய பொதுவெளி இருக்கிறது. மரங்கள், புல்வெளி, குளம். அந்த வருடம் புல் பச்சையிலிருந்து மஞ்சளாகி, அப்புறம் சருகு நிறமாகி, கடைசியில் புல் இருந்த இடத்தில் பொடி மண் மட்டும் மிஞ்சியது. தரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஆளுக்கு ஒரு சட்டையைக் கழற்றிக் குவித்தால் கோல் கம்பம் தயார். குறுக்குக் கம்பம் கிடையாது என்பதால் ஒவ்வொரு உயரமான பந்துக்கும் சண்டை.

பந்து பிளாஸ்டிக் பந்து, கடை வாசலில் வலைப்பையில் தொங்கும் மலிவான வகை. அதன் குணத்தை அவர் சொல்லக் கேட்க வேண்டும். காலையில் வட்டமாக இருக்கும். மதியம் வெயிலில் கிடந்தால் உள்ளே காற்று விரிந்து, தோல் இளகி, தையல் மாதிரி ஒரு கோடு ஓடுமே அந்தப் பக்கமாக உப்பிக்கொள்ளும். மாலையில் முட்டை வடிவம். முட்டை வடிவப் பந்து நேராக அடித்தாலும் நேராகப் போகாது. தரை வேறு கட்டாந்தரை. எந்தப் பக்கம் எகிறும் என்று அடித்தவனுக்கே தெரியாது. "கோல்கீப்பருக்கு அது தண்டனை," என்பார். கோர்ஸ் முட்புதரில் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. அந்த முட்கள் அந்த வருடம் காய்ந்து ஊசியாகியிருந்தன. பந்து வாங்கக் காசு சேர்வதற்குள் ஒருநாள் டென்னிஸ் பந்தை வைத்து ஆடியிருக்கிறார்கள்.

சறுக்கிப் பந்தைப் பறிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. தரையே போட்டது. அவர் ஒருமுறை மறந்து சறுக்கிவிட்டார். முழங்காலில் ஐம்பது பென்ஸ் நாணயம் அளவுக்குத் தழும்பு இன்னும் இருக்கிறது. இடைவேளையில் கால்சட்டையை உயர்த்தி எனக்குக் காட்டியிருக்கிறார். நடுவே வழுவழுவென்று, ஓரத்தில் சுருங்கி. சறுக்கியது ஒரு கோலைத் தடுக்க. கோல் விழுந்துவிட்டது.

கோல் போட்டவன் எல்லாம் சானன். மிக் சானன் கோல் போட்டால் வலது கையைக் காற்றாலை மாதிரி சுழற்றிக்கொண்டே ஓடுவார், அது அவர் அடையாளம். காமனில் அந்தக் கோடை முழுக்கக் கைகள் சுழன்றுகொண்டே இருந்தன. 34–29 என்பது போன்ற கணக்கில் ஆட்டம் போகும், நடுவில் கணக்குத் தவறும், கடைசியில் "அடுத்த கோல் போடுகிறவன் ஜெயித்தான்" என்று முடிவெடுப்பார்கள். ஜூன் கடைசியில் இங்கே இரவு ஒன்பதரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அதனால் அந்த "அடுத்த கோல்" விழ ஒரு மணி நேரம் ஆனாலும் பாதகமில்லை. வீட்டுக்குப் போனால் அண்ணன் குளித்த தொட்டித் தண்ணீரிலேயே தம்பி குளிக்க வேண்டும். பிறகு அதே தண்ணீர் வாளியில் தோட்டத்துக்குப் போகும்.

ஜூலையில் பொறிவண்டுகள் வந்தன. சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த அந்தச் சின்ன வண்டுகள். வசந்தத்தில் அசுவினிப் பூச்சி பெருகியதால் அவற்றைத் தின்னும் வண்டுகளும் பெருகின. பயிர் காய்ந்ததும் அசுவினி ஒழிந்தது, பசித்த வண்டுகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கு, கிழக்குக் கடலோரங்களுக்குப் பறந்தன. ஈரத்துக்காக மனிதத் தோலையும் கடித்துப் பார்த்தன. கோப்பை ஜெயித்த மஞ்சள் சட்டையைப் பிறந்தநாளுக்கு வாங்கிப் போட்டுக்கொண்ட ஒரு பையன் மேல், வேறு யார்மேலும் இல்லாத அளவுக்கு வண்டுகள் வந்து ஒட்டிக்கொண்டனவாம். அவன் சட்டையைக் கழற்ற மறுத்துவிட்டான். வண்டோடேயே ஆடினான். இந்த ஒரு காட்சிக்காகவே அந்தக் கோடையில் நானும் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியிருக்கிறது.

ஆகஸ்ட் வந்தால் 'ஷூட்' பத்திரிகை. பையன்களுக்கான கால்பந்து வார இதழ், 1969-இல் தொடங்கியது. சீசன் தொடங்கும் சமயத்தில் அதோடு 'லீக் ஏணி' என்று ஓர் அட்டை இலவசமாக வரும். அட்டையில் டிவிஷன் வாரியாகக் கீறல் கீறலாக வெட்டியிருக்கும். ஒவ்வொரு கிளப்புக்கும் அதன் நிறத்தில் ஒரு குட்டித் துண்டு. சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் புள்ளிக் கணக்குப்படி துண்டுகளைக் கீறலில் மாற்றி மாற்றிச் செருக வேண்டும். நான்கு டிவிஷனில் 92 இங்கிலாந்துக் கிளப்புகள், போதாததற்கு ஸ்காட்லாந்து. சீசன் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, யாருக்கும் ஒரு புள்ளியும் இல்லை, துண்டுகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் வைக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? சவுத்தாம்ப்டன் துண்டை இரண்டாம் டிவிஷனிலிருந்து உருவி முதல் டிவிஷனின் உச்சியில் செருகினார். அங்கே இருந்த 22 கிளப்பில் ஒன்றை வெளியே தள்ள வேண்டுமே? மான்செஸ்டர் யுனைடெட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டார்.

கால்பந்து ரசிகரின் கோடை என்றால் அதுதான் என்று நினைக்கிறேன். மே முதல் ஆகஸ்ட் வரை யாரும் தோற்பதில்லை. உண்மையான கணக்கு வந்து கலைக்கும்வரை ஏணியில் யார் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். சாதாரண வருடங்களில் இந்த இடைவெளி மழையிலும் மேகத்திலும் கரைந்து போய்விடும். 1976-இல் வானமே அதற்கு ஒரு படச்சட்டம் மாட்டிக் கொடுத்தது.

இதற்கிடையில் நிஜத் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில் வறட்சிச் சட்டம் ஒன்றைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அவசியமில்லாத தண்ணீர்ச் செலவைத் தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் கிடைத்தது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் அந்தக் கணக்கில் வந்தன. தெற்கு வேல்ஸின் சில பகுதிகளில் நாளில் 17 மணி நேரம்வரை குழாயை மூடினார்கள். டெவனில் தெருவோரப் பொதுக்குழாயில் வாளியோடு வரிசை. ஹாம்ப்ஷயர், டார்செட் புதர்க்காடுகளில் தீ. ஓவல் மைதானத்தில் விவ் ரிச்சர்ட்ஸ் 291 அடித்ததும் மைக்கேல் ஹோல்டிங் 14 விக்கெட் எடுத்ததும் அந்த ஆகஸ்டில்தான். படத்தைப் பார்த்தால் புல்வெளி பாலைவனம் மாதிரி இருக்கும்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பிரதமர் ஜேம்ஸ் காலகன் வறட்சிக்கென்று ஓர் அமைச்சரைப் பொறுப்பேற்கச் சொன்னார். அவர் டெனிஸ் ஹவல். கால்பந்து ரசிகர்கள் இந்தக் கதையை விடவே மாட்டார்கள், ஏனென்றால் ஹவல் ஏற்கெனவே விளையாட்டு அமைச்சர். அதற்கும் முன்னால் கால்பந்து லீக் நடுவர், எம்.பி.யாக இருந்துகொண்டே சனிக்கிழமைகளில் ஊதல் ஊதியவர். 1966 உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தபோதும் விளையாட்டு அவர் பொறுப்புதான். அவருடைய தொகுதி பர்மிங்காமின் ஸ்மால் ஹீத், பர்மிங்காம் சிட்டி கிளப்பின் ஊர். பத்திரிகையாளர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து, தானும் மனைவியும் ஒரே தொட்டித் தண்ணீரில் குளித்துச் சிக்கனம் செய்வதாகச் சொன்னார். பொறுப்பேற்ற சில நாட்களிலேயே மழை கொட்டியது. நடுவராக இருந்தவர் ஊதினார், வானம் ஆட்டத்தை நிறுத்திவிட்டது என்று இங்கே சொல்லிச் சிரிப்பார்கள். என் பார்வையில் அவர் செய்தது நல்ல வேலை. வீடு வீடாகத் தண்ணீரை எப்படிச் சேமிக்கலாம் என்று வெட்கப்படாமல் பேசிய அமைச்சர்கள் குறைவு.

நினைவின் இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். "பள்ளி விடுமுறை முழுக்க அந்தச் சூடு" என்று எல்லோரும் சொல்வார்கள். தேதியைப் பார்த்தால், உச்ச வெயில் அடித்த அந்தப் பதினைந்து நாளும் விடுமுறைக்கு முந்தியவை. இங்கே கோடை விடுமுறை ஜூலை மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் தொடங்கும். எங்கள் ஊரில் 35.6 பதிவான ஜூன் 28 ஒரு திங்கட்கிழமை. அவர் அன்று வகுப்பில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது அவர் நினைவில் துளியும் இல்லை. மாலை ஆட்டம் மட்டும் இருக்கிறது. ஆகஸ்டும் வறண்டு, வெயிலோடுதான் போனது, ஆனால் ஜூலைத் தொடக்கத்தின் சூடு வேறு. மனம் ஜூலையின் சூட்டை எடுத்து ஆகஸ்டின் விடுமுறையில் வைத்துக்கொண்டது. நடுவில் இடியோடு மழை பெய்த நாட்களும் உண்டு. அவற்றை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

உளவியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. வயதானவர்களிடம் வாழ்க்கையிலிருந்து நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பதின்பருவத்திலிருந்தும் இருபதுகளிலிருந்தும் வருபவை மற்ற காலங்களைவிட அதிகமாக இருக்கும். கால்பந்தை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 619 நெதர்லாந்துக்காரர்களிடம் எக்காலத்துக்கும் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்கள் யார் என்று கேட்டார்கள். க்ரைஃப், பெலே, மரடோனா பெயர்கள் அதிகம் வந்தன. ஆனால் சுவையான முடிவு வேறு. பதில் சொன்னவர்கள் அடிக்கடி குறிப்பிட்டது, தங்கள் பதின்பருவத்தில் ஆட்ட வாழ்வின் நடுப்பகுதியை எட்டியிருந்த வீரர்களை. மிக அதிகமாக வந்த வயது 17. ஆக, 1976-இல் பத்திலிருந்து இருபதுக்குள் இருந்தவர்களுக்கு அந்த வருடம் எப்படியும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயிலும் சேர்ந்ததால் அதற்கு மற்ற வருடங்களுக்கு இல்லாத ஒரு முகம் கிடைத்தது. நினைவு எல்லாவற்றையும் இனிப்பாக்கிக் காட்டுகிறதா என்ற கேள்விக்கு என் பதில்: இனிப்பைக் கூட்டவில்லை, மற்ற சுவைகளை எடுத்துவிடுகிறது.

எடுத்துவிட்டவற்றில் இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்று, பெண்கள். 1921-இலிருந்து அரை நூற்றாண்டு காலம் தன் கீழிருந்த மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை வைத்திருந்தது. தடை நீங்கிய காலத்தில் தொடங்கிய மகளிர் கோப்பையில், ஆரம்ப வருடங்களில் அசைக்க முடியாத அணி சவுத்தாம்ப்டன் மகளிர் கிளப். 1976 இறுதி ஆட்டத்தில் அவர்கள் க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை 2–1 என்று வென்றார்கள். ஆக அந்த வருடம் இந்த ஊருக்கு இரண்டு கோப்பை. நான் இதைச் சொன்னபோது என் பக்கத்து இருக்கைக்காரர் திகைத்துப்போனார். அவருக்குத் தெரியவே தெரியாது. ஸ்டோக்ஸ் எந்தக் காலால் அடித்தார் என்று தூக்கத்திலும் சொல்வார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அன்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் காமனில் அந்தக் கோடையில் சட்டைக் குவியலுக்கு வெளியே நின்று பார்த்த தங்கைகளும் அக்காக்களும் இருந்திருப்பார்கள். அவர்களிடமும் யாராவது கேட்க வேண்டும்.

இன்னொன்று, எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள். 1976 ஜூன் 4 அன்று லண்டன் சவுத்தாலில் குர்திப் சிங் சக்கர் என்ற 18 வயது மாணவர் இனவெறித் தாக்குதலில் கொல்லப்பட்டார். அங்கே இளைஞர்கள் அமைப்பாகத் திரண்டது அந்த மரணத்துக்குப் பிறகுதான். ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை, வடமேற்கு லண்டனில் கிரன்விக் என்ற புகைப்படம் கழுவும் நிறுவனத்திலிருந்து அங்கே வேலை பார்த்த ஜெயாபென் தேசாய் வெளிநடப்புச் செய்தார். நாடு முழுவதிலிருந்தும் மக்கள் கோடையில் எடுத்த படச்சுருள்கள் தபாலில் வந்து குவியும் இடம் அது. அதாவது வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தக் குடும்பப் படங்களைக் கழுவி அனுப்பும் வேலையில் பெரும்பாலும் தெற்காசியப் பெண்கள் இருந்தார்கள், புழுக்கத்தில், குறைந்த கூலிக்கு. அந்தப் போராட்டம் கிட்டத்தட்ட இரண்டு வருடம் நீண்டது. வெளிநடப்புக்கு மறுநாள், ஆகஸ்ட் 21, சனிக்கிழமை. புதிய கால்பந்து சீசனின் முதல் நாள்.

அந்த முதல் நாளின் கதை பிரிஸ்டல் சிட்டியுடையது. 1911-க்குப் பிறகு முதல் தடவையாக முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தார்கள். முதல் ஆட்டமே ஆர்சனலின் ஹைபரியில். ஆர்சனலில் புதுப் பயிற்சியாளர் டெரி நீல், நியூகாசிலிலிருந்து 3,33,333 பவுண்டுக்கு வாங்கிய மால்கம் மெக்டோனல்ட். எல்லோரும் அவரைப் பார்க்க வந்திருந்தார்கள். பால் சீஸ்லி தலையால் முட்டி ஒரே கோல், பிரிஸ்டல் 1–0. என்னோடு வேலை பார்த்த ஒரு பிரிஸ்டல்காரர் அன்று ஹைபரியில் இருந்திருக்கிறார். 65 வருடத்துக்குப் பின் கிடைத்த அந்த முதல் நாளைச் சொல்லும்போது குரல் மாறும். மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, சொந்த மைதானத்தில் ஸ்டோக் அணியோடு ஆட்டம். சீஸ்லியின் முழங்கால் போயிற்று. அவர் ஆட்ட வாழ்க்கையும் அதோடு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 22. மழை வருவதற்குள் இரண்டும் நடந்துவிட்டன.

மழை வந்தது ஆகஸ்ட் கடைசித் திங்கள், வங்கி விடுமுறையை ஒட்டி. செப்டம்பரும் அக்டோபரும் வழக்கத்தைவிட மிக அதிகமாக நனைந்தன. பாளம் பாளமாக வெடித்த மைதானங்கள் சேறாயின. திரும்பி வந்த கால்பந்தும் கொஞ்சம் மாறியிருந்தது. புள்ளி சமமானால் போட்ட கோலை வாங்கிய கோலால் வகுக்கும் பழைய முறை போய், கழித்துப் பார்க்கும் கோல் வித்தியாசம் அந்த சீசனில்தான் வந்தது. அக்டோபர் 2 அன்று லீக்கில் முதல் முறையாகச் சிவப்பு அட்டை தூக்கினார்கள். முதல் நாளே வாங்கியவர்களில் ஒருவர் ஃபுல்ஹமுக்கு வந்திருந்த ஜார்ஜ் பெஸ்ட்.

நீங்கள் இந்த வயதுக்காரர்களிடம் பேச நேர்ந்தால் ஒரு யோசனை. "அவ்வளவு வெயிலா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். எந்தப் பந்து, எங்கே ஆடினீர்கள், யார் கோல்கீப்பர் என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோதுதான் முட்டை வடிவப் பந்தும் பொறிவண்டுச் சட்டையும் வெளியே வந்தன. லீக் ஏணியும் அப்படித்தான். சவுத்தாம்ப்டன் நிஜமாகவே முதல் டிவிஷனுக்கு ஏறியது 1978-இல். 1976 அட்டையை அவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் இன்னும் வைத்திருக்கிறார். போன வருடம் கொண்டுவந்து காட்டினார். துண்டுகள் வெளுத்துப்போயிருந்தன, நிறைய காணாமல் போயிருந்தன. செயின்ட்ஸ், அதாவது சவுத்தாம்ப்டன் துண்டு உச்சியில் இருந்தது. மான்செஸ்டர் யுனைடெட் எங்கே என்று கேட்டேன். தலையணைக்கு அடியில் போட்டதிலிருந்து கண்ணில் படவில்லை என்றார்.